புதுச்சேரி முத்தியால்பேட்டை வீடு (குடும்பக் குழு)

ராஜு சித்தப்பா: எல்லோரும் படிக்கவும். நாளை மறுநாள் மே 7. 1954இல் இதே தேதியில்தான் வியட்நாமில் தியன் பியன் பூ என்ற பிரெஞ்சுப் படைத்தளம் விழுந்தது. மார்ச் 13 தொடங்கிய சண்டை. பிரெஞ்சுக்காரர்கள் பள்ளத்தாக்கில் கூடாரம் போட்டு உட்கார, வியட்நாம் படைத் தளபதி ஜெனரல் கியாப் சுற்றியிருந்த மலைகளில் பீரங்கிகளை ஆள் வைத்தே இழுத்து ஏற்றிவிட்டார். மார்ச் கடைசிக்குப் பிறகு விமானம் இறங்க வழியில்லை, சாப்பாடு மருந்து குண்டு எல்லாம் பாராசூட்டில்தான். பிடிபட்டவர்கள் பத்தாயிரத்துக்கும் மேல், உயிரோடு திரும்பியவர்கள் ஏறத்தாழ 3,300 பேர். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து போன போர் அது. காலை 7 மணிக்கு பீச் ரோடு போர் நினைவிடத்தில் மாலை போடுகிறோம். கீதா, மெடலை எடுத்து வா.

கீதா அத்தை: அன்றைக்குத்தான் பிரியா வளைகாப்பு

கீதா அத்தை: மெடல் என்னிடம் எப்போது இருந்தது? பாகம் பிரித்த அன்று யார் பீரோவைப் பூட்டினார்களோ அவர்களைக் கேள்

ராஜு சித்தப்பா: மறுபடியும் ஆரம்பிக்காதே.

செல்வம் சித்தப்பா: கேட் பூட்டித்தான் இருக்கும். ஜூலை 14, நவம்பர் 11 மாதிரி நாளில்தான் திறப்பார்கள்

செல்வம் சித்தப்பா: அதுவும் முதல் உலகப் போரில் செத்தவர்களுக்காக 1938இல் திறந்தது

ராஜு சித்தப்பா: வெளியே நின்று போடலாம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா வீட்டுப் பிள்ளைகளை யார் தடுப்பார்கள்?

சுந்தரி பெரியம்மா: சமையல்காரர் 5 மணிக்கே வருகிறார். தண்ணீர் மோட்டார் ஓடவில்லை, யாராவது பாருங்கள்

பிரபு அண்ணன் பாரிஸ்: சித்தப்பா, தாத்தா தியன் பியன் பூவிலேயே இருந்தாரா??

ராஜு சித்தப்பா: பின்னே?

செல்வம் சித்தப்பா: டிரங்குப் பெட்டியில் 1954 ஏப்ரலில் எழுதிய கடிதம் இருக்கிறது, சைகோன் முத்திரையோடு. விமானமே இறங்காத இடத்திலிருந்து சைகோனுக்குப் போய் தபால் போட்டாரா?

பிரபு அண்ணன் பாரிஸ்: 😂😂

வித்யா: ஆயாவிடம் கேட்டேன். "அவர் சைகோனில் கிடங்குக்குக் காவல் இருந்தார், அந்த மலைக்குப் போனது அவரோடு தங்கியிருந்த காரைக்கால் பையன். அவன் வரவே இல்லை. அதை ராஜுவிடம் பத்து தடவை சொல்லியாச்சு" என்கிறார்

ராஜு சித்தப்பா: அம்மாவுக்கு வயதாகிவிட்டது.

கீதா அத்தை: பென்ஷன் எந்தத் தேதியில் வரும் என்பது மட்டும் மறக்கவில்லை

செல்வம் சித்தப்பா: அந்த பென்ஷனில் நம் இரண்டு வீடும் அரிசி வாங்கியது. பெரியப்பா ஊர் திரும்புவதற்குள் நவம்பர் 1 வந்து இங்கே பிரெஞ்சுக் கொடி போய் இந்தியக் கொடியே ஏறியிருந்தது. அப்புறம் 62இல் அவர் பிரெஞ்சுக் குடியுரிமை கேட்டு எழுதிக் கொடுத்தார், எங்கள் அப்பா கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் நானும் பிரபு மாதிரி அங்கே குளிரில் நடுங்கிக்கொண்டு இருந்திருப்பேன்

பிரபு அண்ணன் பாரிஸ்: இங்கே வாடகை எவ்வளவு தெரியுமா

சுந்தரி பெரியம்மா: மோட்டார்!!!

வித்யா: சித்தப்பா, அந்தக் காரைக்கால் தாத்தாவுக்கு மாலை போடலாமே. நான் வருகிறேன், 8 மணிக்குள் திரும்ப வேண்டும்

ராஜு சித்தப்பா: அவர் பெயர் என்ன, கேள்.

வித்யா: ஆயா தூங்கிவிட்டார்

ராஜு சித்தப்பா: சரி, எழுந்ததும் கேள். 6:30க்கு காந்தி சிலை. மெடல் பற்றி அப்புறம் பேசலாம்.

கீதா அத்தை: அப்புறம் இல்லை, இப்போதே பேசலாம்

செல்வம் சித்தப்பா: அண்ணி, எலக்ட்ரீஷியன் போன் எடுக்கவில்லை. லாரித் தண்ணீர் சொல்லட்டுமா?