புதுப்பிப்பு: ஆற்றுப் பாலத்தில் கூட்ஸ் வண்டி, ஷட்டர் வேகத்தில் ஒரு திருத்தம்

பாலத்தில் போகும் சரக்கு ரயிலைப் பக்கவாட்டில் படம் எடுக்க 1/500 நொடி ஷட்டர் வேகம் போதும் என்று முன்பு எழுதியிருந்தேன். போதாது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு 16.7 மீட்டர் ஓடுகிறது. 1/500 நொடியில் 3.3 செ.மீ. நகர்ந்துவிடும். 6000 பிக்சல் அகலப் படத்தில் 60 மீட்டர் நீளம் அடங்கினால் ஒரு பிக்சலுக்கு 1 செ.மீ. ஆக, வேகன் எழுத்துகள் மூன்று பிக்சலுக்கு மேல் இழுபடும். 1/2000 வையுங்கள், இழுப்பு ஒரு பிக்சலுக்குள் அடங்கும். ஒளி கால்வாசியாகக் குறைவதால் ஐ.எஸ்.ஓ. (கேமராவின் ஒளி உணர்திறன்) 200 என்பது 800 ஆகும், அவ்வளவுதான். வண்டி நேரெதிரே வந்தால் பழைய 1/500 கணக்கே போதும்.

பாலத்தில் ஃபோகஸை எப்படி வைப்பது என்று கேட்டிருந்தீர்கள். வண்டி சட்டங்களுக்கு உள்ளே போகும் இரும்புச் சட்டப் பாலத்தில் ஆட்டோஃபோகஸ் முன்னால் நிற்கும் குறுக்குச் சட்டத்தைப் பிடித்துக்கொள்ளும். வண்டி வருமுன்பே தண்டவாளத்தில் ஃபோகஸ் செய்து மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். எக்ஸ்போஷரும் (படத்தில் விழும் ஒளியின் அளவு) மேனுவல்தான், முகப்பு விளக்கு கேமராவின் ஒளிமானியை ஏமாற்றி, படம் இருண்டுவிடும். எஞ்சின் இரண்டு சட்டங்களுக்கு இடைவெளியில் தெரிய வேண்டுமே, அதற்குத் தொடர் ஷாட் தவிர வழியில்லை. கர்டருக்கு (பாலத்தைத் தாங்கும் உத்தரம்) மேலே தண்டவாளம் ஓடும் பாலத்தில் இந்தத் தலைவலியே கிடையாது.

அதே வேகத்தில் 400 மீட்டர் பாலத்தை எஞ்சின் கடக்க 24 நொடி. அவசரப்படாதீர்கள்.

நீரில் பிம்பம் வேண்டுமென்றால் போலரைசரை (பிரதிபலிப்பைக் குறைக்கும் ஃபில்டர்) கழற்றுங்கள். கரையிலிருந்தே எடுங்கள், பாலத்தில் ஏற வேண்டாம். ஆற்றின் மேற்பகுதியில் அணை இருந்தால் மணல்திட்டிலும் இறங்காதீர்கள், திடீரென்று தண்ணீர் வரலாம்.