நீர்மட்டம் குறையும்போது ஒரு பம்ப் மட்டும் அதிர்கிறது. கணினிக் கணிப்பில் குறை தெரியவில்லை

கேள்வி – உதகைப் பொறியாளர்

வணக்கம். உதகைக்கு அருகே, ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் உள்ள ஒரு குடிநீரேற்று நிலையத்தின் பராமரிப்பு என் பொறுப்பில் உள்ளது. தடுப்பணையிலிருந்து குழாயில் வரும் நீர், சரிவில் இடம் போதாததால், பம்புகள் நிற்கும் நீர்த்தொட்டியான சம்ப்புக்குச் சற்று முன்பாகச் செங்கோணத்தில் திரும்பி உள்ளே நுழைகிறது. அங்கே நொடிக்கு 100 லிட்டர் இறைக்கும் செங்குத்து டர்பைன் பம்புகள் இரண்டு அடுத்தடுத்து நிற்கின்றன. பம்பின் அடியில் நீரை உறிஞ்சும் மணிவடிவ வாயான பெல்மவுத்தின் விட்டம் 280 மி.மீ. மாசி, பங்குனியில் நீர்மட்டம் இறங்கி, பெல்மவுத்துக்கு மேல் 70 செ.மீ. மட்டுமே நீர் நிற்கும்போது, சுவரோரப் பம்ப் கூழாங்கல் உருள்வது போன்ற சத்தத்துடன் அதிர்கிறது. மற்றது அமைதியாக ஓடுகிறது.

சம்ப்பை ஓபன்ஃபோம் என்ற ஓட்டக் கணிப்பு மென்பொருளில், காலத்தால் மாறாத ஓட்டமாக, கொந்தளிப்பைக் கணக்கிடும் கே-எப்சிலான் மாதிரியைக் கொண்டு கணித்தேன். நீரின் மேற்பரப்பை உராய்வற்ற தட்டையான மூடியாக வைத்தேன். இரு பம்புகளுக்கும் ஓட்டம் ஏறக்குறைய ஒன்றாகவே வருகிறது. மெஷ்ஷை (கணிப்புக்கான கட்ட வலையை) நெருக்கமாக்கியும் விடை மாறவில்லை. எங்கே பார்க்க வேண்டும்?

மறுமொழி – ஓட்டக் கணிப்பாளர்

ஐயா, சம்ப்பின் வாயிலில் சீரான திசைவேகத்தைக் கொடுத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். அப்படியானால், நேராக வரும் நீர் இந்தச் சம்ப்பில் எப்படி ஓடும் என்பதைத்தான் கணினி சொல்லியிருக்கிறது. மெஷ்ஷை எவ்வளவு நெருக்கினாலும் அந்த விடைதான் இன்னும் துல்லியமாக வரும். வளைவைக் கடந்த நீர் வெளிச்சுவரை ஒட்டி விரைந்தும் உட்பக்கத்தில் தேங்கியும், குழாய்க்குள்ளேயே இரட்டைச் சுழலைச் சுமந்துகொண்டும் வருகிறது. ஆகவே வளைவையும், அதற்கு முன்னுள்ள நேர்க்குழாயில் ஒரு பகுதியையும் கணிப்புப் பரப்புக்குள் சேர்த்துவிடுங்கள்.

அடுத்தது, கே-எப்சிலான் மாதிரி சுழிகளை இயல்புக்கு மீறிக் கரைத்துவிடும் இயல்புடையது. நிலையான ஓட்டம் என்ற அனுமானமோ விட்டுவிட்டுத் தோன்றி மறையும் சுழியைச் சராசரிக்குள் மறைத்துவிடும். கே-ஒமேகா எஸ்எஸ்டி என்ற மற்றொரு கொந்தளிப்பு மாதிரியை, சுழலும் ஓட்டத்துக்கான வளைவுத் திருத்தத்துடன், காலத்தோடு மாறும் ஓட்டமாக இயக்குங்கள். பெல்மவுத்தின் அடியிலும் பின்சுவர் ஓரத்திலும் மெஷ்ஷை நெருக்குங்கள். தட்டையான மூடி மேற்பரப்புச் சுழி உருவாகும் போக்கைக் காட்டுமே தவிர, காற்று உள்ளிழுக்கப்படுவதைக் காட்டாது. அதற்கு நீரையும் காற்றையும் சேர்த்துக் கணிக்க வேண்டும். செலவு மிகுதி என்பதால் இப்போதைக்கு அதில் இறங்க வேண்டாம்.

வண்ணப்படங்களை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். பம்ப் சம்ப் வடிவமைப்புக்கான ஹைட்ராலிக் இன்ஸ்டிடியூட்டின் 9.8 தரநிலை, உறிஞ்சு குழாயில் சுழற்சிக் கோணத்தின் (நீர் குழாயின் நேர்த்திசையிலிருந்து சுழன்று சாயும் அளவின்) சராசரி 5 பாகைக்குள்ளும், பெல்மவுத்தின் கழுத்தில் எந்தப் புள்ளியிலும் திசைவேகம் சராசரியிலிருந்து 10 விழுக்காட்டுக்குள்ளும் இருக்க வேண்டும் என்கிறது. இந்த இரண்டு எண்களையும் இரு பம்புகளுக்கும் தனித்தனியே எடுங்கள்.

கையாலேயே போடக்கூடிய கணக்கு ஒன்றும் உண்டு. உங்கள் பெல்மவுத்தில் திசைவேகம் நொடிக்கு 1.62 மீட்டர், ஃபுரூட் எண் (திசைவேகத்தை ஈர்ப்பு விசையோடு ஒப்பிடும் எண்) ஏறக்குறைய 0.98. அதை 2.3ஆல் பெருக்கி, ஒன்றைக் கூட்டி, விட்டத்தால் பெருக்கினால், மேற்பரப்புச் சுழியைத் தவிர்க்கத் தேவையான மூழ்கு ஆழம் 91 செ.மீ. என வருகிறது. உங்களிடம் இருப்பது 70.

மறுமொழி – பழைய நீரேற்று ஊழியர்

கணினியைத் திறக்கும் முன் வாயிலில் குப்பையைத் தடுக்கும் ஸ்கிரீனைப் பார்த்தீர்களா? சீகை இலையும் கற்பூர மரத்து இலையும் ஒரு பக்கத்தை அடைத்துவிட்டால், வளைவே இல்லாத சம்ப்பிலும் நீர் சாய்ந்துதான் வரும்.

உயரத்தையும் மறக்க வேண்டாம். காற்றழுத்தம் கோவையில் ஏறத்தாழ 9.8 மீட்டர் நீருக்குச் சமம். உங்கள் இடத்தில் 7.9 மட்டுமே. கோவையில் சோதித்து அனுப்பப்பட்ட பம்புக்கு இங்கே உறிஞ்சு பக்கத்தில் இரண்டு மீட்டர் அளவுக்கு அழுத்த இருப்புக் குறைகிறது. இரு பம்புகளுக்கும் இது பொது என்பதால் ஒன்று மட்டும் அதிர்வதை இது விளக்காது. ஆனால், சுவரோரப் பம்ப் தன்னிடம் எழும் சிறு சுழியைக்கூடத் தாங்க முடியாமல் போவதற்கு இடம் கொடுக்கும். சுவரோரப் பம்பைத் தனியாக ஓட்டிப் பாருங்கள். அப்போதும் அதே சத்தம் இடைவிடாமல் வந்தால் பம்பின் சுழல்சக்கரமான இம்பெல்லரைக் கழற்றிப் பாருங்கள். இரண்டும் ஓடும்போது மட்டும் விட்டுவிட்டு வந்தால் சுழியைச் சந்தேகியுங்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி. தனியே ஓடும்போது சத்தம் இல்லை. ஸ்கிரீனைச் சுத்தம் செய்த பிறகு சற்றுக் குறைந்தது, நிற்கவில்லை. வளைவைச் சேர்த்துக் கணித்தபோது சுவரோரப் பம்பில் சுழற்சிக் கோணம் 9 பாகையை நெருங்குகிறது. தரையிலிருந்து பெல்மவுத்துக்குள் ஏறும் சுழி ஒன்றும் தோன்றி மறைகிறது. நுழைவுக்கும் பம்புகளுக்கும் இடையே துளையிட்ட தடுப்புச் சுவர் ஒன்றைச் சேர்த்தால் கோணம் 4 பாகைக்கு இறங்குகிறது. இதை மட்டும் நம்பிக் கான்கிரீட்டில் கட்டிவிடலாமா?

மறுமொழி – ஓட்டக் கணிப்பாளர்

வேண்டாம். பம்ப் ஒன்றுக்கு நொடிக்கு 2,520 லிட்டரைத் தாண்டும் நிலையங்களுக்கு மட்டுமல்ல, நீர் ஒரு பக்கம் சாய்ந்து வரும் இடங்களுக்கும் அந்தத் தரநிலை சிறிய அளவில் மாதிரி செய்து சோதிக்கச் சொல்கிறது. கணிப்பு எத்தனை மாற்று வடிவங்களையும் விரைவாக ஒப்பிட்டுக் காட்டும். ஆனால் துளையிட்ட சுவரின் தடையளவு, சுழியின் வலிமை ஆகியவற்றில் அது தரும் எண்ணை அப்படியே ஏற்பதற்கில்லை. உங்கள் சம்ப் சிறியது என்பதால் அதுவே மாதிரியாகலாம். துளையிட்ட பலகைகளைச் சட்டத்தில் பொருத்தித் தற்காலிகமாக இறக்குங்கள். பெல்மவுத்துக்கு நேர் கீழே தரையில், சுழியை உடைக்கும் ஒரு பிரிப்புத் தகட்டையும் வையுங்கள். நீர்மட்டம் 70 செ.மீ. இருக்கும் நாளில் அதிர்வை அளந்து, பலகை இல்லாதபோது எடுத்த அளவோடு ஒப்பிடுங்கள். துளைகளிலும் இலை அடையும். ஆகவே, பலகையைத் தூக்கிக் கழுவ வழி இருக்கும்படி சட்டத்தை அமையுங்கள்.