அயலவரின் மரத்தில் வாள் வைக்குமுன் கையொப்பம் வாங்குங்கள்

"பக்கத்து வீட்டு மேப்பிள் என் கூரைமேல் படுத்துக் கிடக்கிறது, அயலவர் தலையாட்டிவிட்டார், சனிக்கிழமை ஆள் வருகிறது" என்று எழுதியிருக்கும் தம்பிக்கு: அந்த ஆளை நிறுத்துங்கள். தலையாட்டல் போதாது.

நானும் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வீடு வாங்கிய முதல் வருடம் இப்படித்தான் செய்தேன். மேப்பிள் விதைகள் சுழன்று சுழன்று வந்து கூரைத் தண்ணீர்ப் பீலியை அடைத்துவிடும். போதாக்குறைக்கு அதற்குள்ளேயே முளைத்தும் நிற்கும். வேலிக்கு அப்பால் நின்ற மூதாட்டியிடம் கையால் வெட்டிக் காட்டிக் கேட்டேன். "ஓகே, ஓகே" என்று சிரித்தார். இரண்டாவது கிளை விழுந்தபோது மகன் வந்தார். வீடு அவர் பெயரிலும் இருந்தது. தாயாருக்கு விளங்கியது கீழே தொங்கிய சுள்ளிகள். நான் கூலி பேசியிருந்ததோ என் பக்கம் சாய்ந்த பாதி மரத்துக்கு. மேலே நின்று வெட்டியவர் வாளை நிறுத்திவிட்டு, "நீங்கள் பேசி முடியுங்கள்" என்று கவட்டில் உட்கார்ந்துகொண்டார். அவர் உட்கார்ந்திருந்த நேரத்துக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுத்தேன்.

யாழ்ப்பாணத்தில் வேலிப் பூவரசில் ஆட்டுக்குக் குழை ஒடிக்க யாரைக் கேட்டோம்? (அதே வேலி அரை அடி நகர்ந்தால் வழக்கு வருடக்கணக்கில் ஓடும், அது வேறு கதை.) அந்தப் பழக்கம் இங்கே சரிவராது.

உங்கள் நிலத்துக்கு மேல் நீண்ட கிளையைப் பொதுவாக எல்லை வரை நீங்கள் வெட்டலாம். அதற்காக அயலவர் நிலத்தில் கால் வைக்கக் கூடாது. மரம் பட்டுப்போகும்படி வெட்டவும் கூடாது. அடிமரமே எல்லைக்கோட்டில் நின்றால், ஒன்ராறியோ வனச் சட்டத்தின் 10ஆம் பிரிவின்படி அது இருவருக்கும் பொதுச் சொத்து. மற்றவரின் சம்மதமின்றி அதைச் சேதப்படுத்துவது குற்றம். தண்டத்தோடு சிறைக்கும் இடமுண்டு. 2013இல் ரொறன்ரோ அயலவர்களின் வழக்கொன்றில் நீதிமன்றம் இன்னொன்றையும் தெளிவாக்கியது: அடிமரம் என்பது மண்ணைத் தொடும் இடம் மட்டுமல்ல, கிளை பிரியும் உயரம் வரை முழுவதும்தான். வேலியை வைத்து எல்லையை முடிவு செய்யாதீர்கள். வேலி எங்கும் நிற்கும்; நில அளவைப் படத்தைத் தேடி எடுங்கள்.

அயலவர் சம்மதித்தாலும் நகரசபை இருக்கிறது. ரொறன்ரோவில் 1.4 மீற்றர் உயரத்தில் 30 செ.மீ. அல்லது அதற்கு மேல் விட்டமுள்ள தனியார் மரத்தை அகற்றவோ சேதப்படுத்தவோ அனுமதிப்பத்திரம் வேண்டும், மரம் உங்களுடையதாகவே இருந்தாலும். நான் மனைவியின் தையல் நாடாவைச் சுற்றிப் பார்த்தேன். சுற்றளவு 94 செ.மீ. தாண்டினால் விட்டம் 30ஐத் தாண்டிவிட்டது என்று கொள்ளுங்கள். முறையான கவாத்துக்கு (கிளை கழிப்புக்கு) அனுமதி தேவையில்லை, ஆனால் எது முறையான கவாத்து என்பதை மரப் பராமரிப்பு தெரிந்த நிபுணர் (ஆர்பரிஸ்ட்) சொல்லட்டும், மலிவாக வரும் ஆள் அல்ல. வீட்டு முன்புற மரமோ பல இடங்களில் நகரசபைக்கே சொந்தம். அதைத் தொடவே வேண்டாம்.

என் இரண்டாவது முயற்சியில் சம்மதக் கடிதம் எழுதினேன், ஒரு பக்கம்தான். இரண்டு முகவரிகள், எந்த மரம், எந்தக் கிளைகள் (படத்தை அச்செடுத்துச் சிவப்புப் பேனாவால் கோடிட்டேன்), எந்த நாள், யார் அவர்களுடைய நிலத்துக்குள் வருவார்கள், செலவு யாருடையது, குப்பையை அள்ளுவது யார், ஏதாவது உடைந்தால் யார் பொறுப்பு. வேலை செய்பவரின் காப்புறுதிப் பத்திரத்தின் நகலையும் இணைத்தேன். வீட்டின் உறுதிப் பத்திரத்தில் பெயருள்ள அத்தனை பேரும் ஒப்பமிட வேண்டும். வாடகைக்கு இருப்பவரின் ஒப்பம் செல்லாது. மகன் ஒரே ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: தாயாரின் தக்காளிப் பாத்தியில் யாரும் மிதிக்கக் கூடாது. எழுதினேன், ஒப்பமிட்டார். வேலை நாளில் பாத்திக்கு மேல் பலகை போடவைத்தேன்.

தம்பி, முன்பணம் கொடுத்துவிட்டீர்கள் என்றால் இன்றே அழைத்துத் திகதியைத் தள்ளிப் போடச் சொல்லுங்கள். மாட்டேன் என்று அடம்பிடிப்பவரிடம் காப்புறுதிப் பத்திரத்தைக் கேட்டுப் பாருங்கள்.