புதுப்பிப்பு: வண்டியோரக் காற்றுத் தடுப்பு தயார்

வண்டியை ஒட்டி முகாம் போடும்போது காற்றை மறைக்க ஒரு துணித் தடுப்பு தைக்கப் போகிறேன், எந்தத் துணி சரிவரும் என்று முன்பு கேட்டிருந்தேன். தைத்தும் ஆயிற்று, கட்டிப் பார்த்தும் ஆயிற்று.

துணி ரிப்ஸ்டாப் பாலியஸ்டர், அதாவது கிழிசல் பரவாதபடி கட்டம் கட்டமாகத் தடித்த இழை ஓட்டி நெய்தது. நைலான் ஈரம் பட்டால் தொய்ந்துவிடும், இதில் அந்தத் தொல்லை குறைவு. தார்ப்பாய் வேண்டவே வேண்டாம், ராத்திரி முழுக்கப் படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும்.

நேரம் போனதெல்லாம் மூலைகளில்தான். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் துணியில் மோதும் விசை நான்கு மடங்காகிறது; கடைசியில் அத்தனை இழுப்பும் கயிறு கோக்கும் வளையம் அடித்த இடத்துக்கே வருகிறது. அதனால் நாடாவை மடித்து வைத்து, சதுரமாக ஒரு தையல், அதற்குள் பெருக்கல் குறியாக இன்னொன்று போட்டு, அதன்மேல்தான் வளையம் அடித்தேன்.

மேல்விளிம்பில் ஒரு முழ அகலத்துக்கு வலைத்துணி. முழுச் சுவராக மறைத்தால் காற்று மேலே ஏறிப் பின்பக்கம் சுழன்று விழும். கொஞ்சம் கசிய விட்டால் சுழல் தணியும்.

அப்புறம் வண்டிக்கு அடியில் வரும் காற்று! அதற்குப் பாவாடை மாதிரி தனித்துண்டு, சைலன்சருக்கு எட்டாத தூரத்தில். தடுப்பை வண்டியில் காந்தம் வைத்து ஒட்டலாமா என்று கேட்டவருக்கு: வண்டி இரும்புத் தகடானால் ஒட்டும், அலுமினியம் என்றால் ஒட்டாது. பலத்த காற்றில் காந்தம் நழுவும், மேல் கேரியரில் கயிறு கட்டுவதே நிம்மதி.