பொருளை ஒப்பிக்கிறாள், பேச்சில் சொல் வருவதில்லை: வீட்டுவழிக் கல்வியில் சொல்வளம் பற்றி ஒரு கேள்வி

இருவரின் அம்மா

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு மூன்றரை வயது. இருவருக்கும் வீட்டிலேயே நான்தான் கற்பித்து வருகிறேன். கணக்கும் எழுத்துப் பயிற்சியும் ஒருவாறு நடக்கின்றன. சொல்வளம் என்று நான் ஒதுக்கியிருக்கும் அரைமணி நேரம்தான் என்னைச் சோர்வடையச் செய்கிறது.

வாரத்துக்குப் பத்துச் சொற்கள் என்று ஆயத்தப் பட்டியல் ஒன்றை வைத்திருக்கிறேன். சொல் ஒரு பக்கமும் பொருள் மறுபக்கமுமாக அட்டைகள் எழுதி, திங்கள் முதல் வியாழன் வரை வாசிக்கவைத்து, வெள்ளியன்று கேட்கிறேன். மகள் பத்துக்குப் பத்துச் சொல்லிவிடுவாள். 'தயங்குதல் என்றால் என்ன?' என்று கேட்டால், 'ஐயுற்றுப் பின்வாங்குதல்' என்று அட்டையில் உள்ளபடியே கணீரென்று பதில் வரும். ஆனால் சென்ற வாரம் பூங்காவில் சறுக்குமரத்தின் உச்சிக்கு ஏறியவள், இரண்டு பக்கக் கம்பிகளையும் இறுகப் பிடித்துக்கொண்டு, பின்னால் நிற்கும் குழந்தைகளையும் கீழே நிற்கும் என்னையும் மாறி மாறிப் பார்த்தபடி, 'எனக்கு ஒரு மாதிரி இருக்கும்மா' என்று மட்டும் சொன்னாள். அவளுக்கு அப்போது வேண்டியிருந்த சொல் வீட்டில் ஓர் அட்டையில் இருந்தது.

வசதி குறைந்த குடும்பத்துக் குழந்தைகள் பள்ளி வயதை எட்டும் முன்பே மற்றவர்களைவிட மூன்று கோடிச் சொற்கள் குறைவாகக் கேட்கிறார்கள் என்ற ஆய்வைப் படித்ததிலிருந்து, எண்ணிக்கையைக் குறைக்கவும் அச்சமாக இருக்கிறது. பத்தைப் பதினைந்தாக்க வேண்டுமா, அல்லது முறையையே மாற்ற வேண்டுமா?

முன்னாள் தொடக்கப்பள்ளி ஆசிரியர்

அம்மா, முதலில் அந்த மூன்று கோடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெட்டி ஹார்ட், டாட் ரிஸ்லி ஆகிய இருவர் 1995இல் வெளியிட்ட அந்த ஆய்வு, அமெரிக்காவில் 42 குடும்பங்களைக் கவனித்து, அதிலிருந்து பெருக்கிக் கணக்கிட்ட எண்ணைத் தந்தது. பின்னர் வந்த ஆய்வாளர்கள் சிலர் அந்த அளவை ஏற்கவில்லை. அதைவிட முக்கியமாக, ஹார்ட்டும் ரிஸ்லியும் எண்ணியது வீட்டுப் பேச்சில் குழந்தையின் காதில் விழுந்த சொற்களை. ஒரே சொல் நூறு முறை வந்தால் அது நூறு என்றே கணக்கில் ஏறும். அட்டையில் எழுதிக் கற்பிக்கும் சொற்களின் எண்ணிக்கைக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. ஆகவே அந்த அச்சத்தை இறக்கி வைத்துவிடலாம்.

ஒரு சொல்லைக் குழந்தை எப்படிப் பற்றிக்கொள்கிறது என்பதற்கு 1978இல் சூசன் கேரியும் எல்சா பார்ட்லெட்டும் செய்த சோதனையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளிடம், நிறத்தில் மட்டுமே வேறுபட்ட இரண்டு தட்டுகளைக் காட்டி, குழந்தைகள் கேட்டிராத ஒரு சொல்லை நிறப்பெயராக வைத்து, 'அந்தக் குரோமியத் தட்டைக் கொண்டு வா' என்று போகிற போக்கில் கேட்டார்கள். மற்றத் தட்டின் நிறம் தெரிந்த நிறமாதலால், குழந்தைகள் சரியான தட்டைக் கொண்டுவந்தார்கள். சில நாட்கள் கழித்துச் சோதித்தபோது, குரோமியம் என்பது ஏதோ ஒரு நிறம் என்ற அளவுக்கு அவர்களில் பலர் அதைப் பிடித்துவைத்திருந்தார்கள்; எந்த நிறம் என்பதில்தான் தெளிவு இல்லை. சொல் காதில் விழுந்ததும் ஓரிடத்தில் ஒட்டிக்கொள்கிறது, அதன் எல்லை வரையறுபடுவதற்கோ வெவ்வேறு சூழல்களில் அதைப் பலமுறை சந்திக்க வேண்டியிருக்கிறது. உங்கள் மகளின் மனத்தில் 'தயங்குதல்' முதற்படியில்கூட இல்லை என்பது என் கணிப்பு. அவள் கற்றது தயக்கத்தை அன்று, 'ஐயுற்றுப் பின்வாங்குதல்' என்ற ஒலித்தொடரைத்தான். தெரியாத ஒரு சொல்லுக்கு, தெரியாத இரண்டு சொற்களைப் பொருளாகத் தந்திருக்கிறது அந்த அட்டை.

நான் செய்துவந்தது இதுதான். வாரத்துக்கு மூன்று சொற்களுக்கு மேல் எடுப்பதில்லை. பொருளைக் குழந்தையின் பேச்சிலேயே சொல்வேன்: 'ஒன்றைச் செய்யவும் ஆசை, செய்யப் பயமாகவும் இருக்கிறது, அதனால் சற்று நிற்கிறோம், அதுதான் தயங்குவது.' பிறகு பொருளைக் கேட்கவே மாட்டேன்; சூழலைத் தந்து கேட்பேன். 'கிண்ணத்தில் பால் இருக்கிறது, பூனைக்கு நல்ல பசி, அது தயங்குமா?' என்று ஒருமுறை கேட்டபோது, வகுப்பே 'தயங்காது' என்று கத்தியது. ஒரு சிறுவன் மட்டும், 'கிண்ணத்துக்குப் பக்கத்தில் நாய் படுத்திருந்தால் தயங்கும்' என்றான். அவனுக்கு அந்தச் சொல் கிடைத்துவிட்டது என்று அப்போதே தெரிந்தது. வெள்ளிக்கிழமைத் தேர்வில் இதைக் கண்டுபிடிக்க வழி இல்லை.

வேர்ச்சொல் விரும்பி

ஆசிரியர் சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் எண்ணிக்கையைக் குறைத்தால் மட்டும் போதாது. எந்தச் சொல் என்ற கேள்வியும் இருக்கிறது. உங்கள் பட்டியலில் தயங்குதலைத் தவிர வேறு என்னென்ன இருக்கின்றன?

தமிழில் ஒரு வினையடியைப் பிடித்தால் ஒரு கொத்தே கையோடு வரும். 'அறி' என்பதிலிருந்து அறிவு, அறிஞர், அறிவிப்பு, அறிக்கை, அறிகுறி, அறிமுகம் என்று நீண்டுகொண்டே போகலாம். ஆறு வயதுக் குழந்தைக்கு இலக்கணம் சொல்ல வேண்டியதில்லை. 'இந்தச் சொற்களுக்குள் ஒரே சொல் ஒளிந்திருக்கிறது, கண்டுபிடி' என்றால் போதும். அதே வயதில் விளையாட்டாகவே நடத்தக்கூடிய மற்றொன்று தன்வினை, பிறவினை இணைகள். பந்து உருள்கிறது, நான் பந்தை உருட்டுகிறேன். வாளி நிரம்புகிறது, நான் வாளியை நிரப்புகிறேன். நீர் தேங்குகிறது, அணை நீரைத் தேக்குகிறது. என் மகன் நெடுநாள் 'நான் பந்தை உருண்டேன்' என்றே சொல்லிக்கொண்டிருந்தான். திருத்தினால் முகம் சுருங்கிவிடும் என்பதால், பந்தையும் அவனையும் தரையில் மாறி மாறி உருளவிட்டு, யார் உருள்கிறார்கள், யார் உருட்டுகிறார்கள் என்று கேட்டு விளையாடினோம். இரண்டு நாளில் சரியாகிவிட்டது.

ஓர் எச்சரிக்கை: ஒலி ஒத்திருப்பதெல்லாம் உறவு அல்ல. நாங்கள் 'அறி'க் கொத்தை விளையாடிக்கொண்டிருந்தபோது, 'அறிவாளி கையில் அரிவாள் இருக்குமா அப்பா?' என்று கேட்டான். ரகரமும் றகரமும் எங்கள் வீட்டுப் பேச்சில் ஒன்றாகவே ஒலித்துக்கொண்டிருந்தன என்பதை அன்றுதான் கவனித்தேன். அரிவாள் 'அரி' என்ற வேறு வினையிலிருந்து வந்தது, அரிந்தால் அறுபடும் என்று விளக்கினேன். அன்று முதல் உச்சரிப்பையும் சேர்த்துக் கவனிக்கிறோம்.

இருவரின் அம்மா

இருவருக்கும் நன்றி. அந்த வாரப் பட்டியலில் உள்ளவை: மதி, பரிதி, புவி, தயங்கு, சென்றது, அஞ்சினான், வியப்பு, நித்திரை, சமாளி, இல்லம்.

முன்னாள் தொடக்கப்பள்ளி ஆசிரியர்

இதைப் பார்த்ததும் சிக்கல் தெளிவாகிவிட்டது. இந்தப் பத்தில் இரண்டு வகை கலந்திருக்கிறது. நிலா தெரிந்த குழந்தைக்கு மதி என்பது புதிய பெயர் மட்டுமே, புதிய கருத்து இல்லை. பேச்சில் 'போனான்', 'பயந்தான்' என்று சொல்லும் குழந்தை, நூலில் 'சென்றான்', 'அஞ்சினான்' என்று காண்பதும் அப்படியே. பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் இடையே உள்ள இந்த வகைச் சொற்களுக்கு அட்டை வேண்டாம். நாள்தோறும் பதினைந்து நிமிடம் உரக்க வாசித்துக் காட்டினால், கதையின் ஓட்டத்திலேயே அவை தாமாக வந்து சேரும். 'அஞ்சினான்' என்று வாசிக்கும்போது 'பயந்துட்டான்' என்று ஒருமுறை இடையில் சொல்லிவிட்டு மேலே போகலாம்.

தயங்கு, சமாளி, வியப்பு ஆகிய மூன்றும் வேறு வகை. அவற்றைக் கற்கும்போது, இதுவரை பெயரில்லாமல் இருந்த ஓர் அனுபவத்துக்குக் குழந்தை பெயரிடுகிறது. ஐசபெல் பெக், மார்கரெட் மெக்கியோன் ஆகிய கல்வி ஆய்வாளர்கள் சொற்களை மூன்று அடுக்குகளாகப் பிரித்தார்கள்: தாமாக வரும் அன்றாடச் சொற்கள், ஒரு துறைக்கே உரிய கலைச்சொற்கள், இவற்றுக்கு நடுவில் எந்தத் துறையிலும் முதிர்ந்த பேச்சிலும் எழுத்திலும் திரும்பத் திரும்ப வருபவை. ஆசிரியரின் உழைப்பு நடு அடுக்குக்கே போக வேண்டும் என்பது அவர்கள் கருத்து. உங்கள் பட்டியலில் அந்த மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை எடுத்துவிடுங்கள். அட்டைகளை வீச வேண்டாம். பொருள் எழுதிய பக்கத்தில் ஒரு நிகழ்ச்சியை மகளையே வரையச் சொல்லுங்கள். சறுக்குமரத்தின் உச்சியே போதும். மறுநாள் ஒருமுறை, மூன்று நாள் கழித்து ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை என்று இடைவெளி விட்டு எடுத்துப் பாருங்கள்.

சிறியவனுக்கு இப்போது பட்டியலே வேண்டாம். படக்கதை வாசிக்கும்போது 'இது என்ன?' என்பதைக் குறைத்து, 'இவன் ஏன் ஓடுகிறான்?' என்று கேட்டு, அவன் சொல்வதைச் சற்று நீட்டித் திருப்பிச் சொன்னால் போதும்.

இருவரின் அம்மா

பன்னிரண்டு நாட்களுக்குப் பின் எழுதுகிறேன். மூன்று சொற்களோடு நிறுத்திக்கொண்டோம். நேற்று எங்கள் வீட்டு அலமாரிக் கதவு பாதி திறந்து நின்றுவிட்டது. மகள் இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, 'அம்மா, இந்தக் கதவு ரொம்பத் தயங்குது' என்றாள். மகிழ்ச்சியாகத்தான் இருந்தது, ஆனால் பொருள் பிழையல்லவா? திருத்த வேண்டுமா என்று தெரியாமல் பேசாமல் இருந்துவிட்டேன்.

வேர்ச்சொல் விரும்பி

திருத்த வேண்டாம். 'நின்றுவிடுதல்' என்ற பாதியை அவள் பிடித்துவிட்டாள். தயங்குவதற்கு ஒரு மனம் வேண்டும் என்ற மறுபாதி இன்னும் வரவில்லை. 'கதவுக்குத் திறக்கப் பயமா, அல்லது ஏதாவது சிக்கிக்கொண்டிருக்கிறதா?' என்று கேட்டுப் பாருங்கள். 'சிக்கு' என்பதையே அடுத்த வாரத்து முதற்சொல்லாகவும் வைத்துக்கொள்ளலாம். நூல் சிக்கும், முடி சிக்கும், சிக்கலும் அங்கிருந்தே வரும்.