நாய்க்குட்டி தலையாட்டி பொம்மைய கடிச்சிருச்சு, சரி பண்ண முடியுமா?

கும்பகோணம் பக்கம் இருக்கோம். பாப்பாவுக்கு மூணு வயசு, அவ தாத்தா தஞ்சாவூர்ல வாங்கி தந்த தலையாட்டி பொம்மை பக்கத்துல இல்லாட்டி சோறே இறங்காது, நேத்து புது நாய்க்குட்டி அதோட மூக்க கொதறி வச்சிருச்சு, வீடே ரெண்டாகுது. ஒட்டலாமா, புதுசு வாங்கணுமா?

பதில் 1: புதுசு எதுக்குங்க. பேப்பர ஊறவச்சு அரைச்சு பெவிகால் கலந்து அப்புங்க, நல்லா காய்ஞ்சதும் உப்புத்தாள் போட்டு தேச்சு பெயிண்ட் அடிங்க. அடியில களிமண் கனம் அப்படியே இருந்தா தள்ளிவிட்டாலும் எந்திரிச்சிரும்.

பதில் 2: பொம்மை கெடக்கட்டும், புள்ள மேல பல்லு நகம் பட்டுச்சா? பட்டிருந்தா சோப்பு போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவிட்டு உடனே ஆஸ்பத்திரி போங்க, குட்டிதானேன்னு விடாதீங்க. அதுக்கும் 3 மாசம் ஆனதும் வெறிநோய் தடுப்பூசி போடணும்.

கேட்டவர்: படலக்கா, நல்லா பாத்துட்டேன். பேப்பர் அப்பியாச்சு, பெயிண்ட் அடிக்கத்தான் விடமாட்டேங்குறா, மூக்குக்கு மஞ்சள் வைக்கணுமாம் 😄