மலை ரோட்டுல ஓடுற ட்ரெய்லருக்கு புது பிஃப்த் வீல், மாத்தினவங்க அனுபவத்த போடுங்க

ஹட்டன்_லொறிக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். நம்மகிட்ட இருக்கிறது சிங்கிள் எக்ஸல் பிரைம் மூவர் (ட்ரெய்லர இழுக்கிற முன் வண்டி), பின்னால இருபதடி ட்ரெய்லர், கொழும்புல இருந்து சீமெந்து, கம்பி, உரம்னு ஏத்திக்கிட்டு அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை வழியா ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா வரைக்கும் ஓட்டம். பழைய பிஃப்த் வீல, அதாவது ட்ரெய்லர் முன்பக்கம் உக்காந்து பூட்டிக்கிற இரும்பு ப்ளேட்ட, கழட்டிட்டு புதுசு போட்டு ஒரு மழைக்காலம் முழுக்க ஓடிப் பாத்தாச்சி. கராஜுக்கு கராஜ் வேற வேற கதை சொல்றாங்க, புதுசா மாத்தப்போற ஒருத்தருக்காவது உதவும்னு தான் எழுதுறேன், நீங்களும் உங்களுக்கு நடந்தத எழுதுங்க.

மாத்தணும்னு தோண வச்சது சத்தம். கினிகத்தேனைல இருந்து கீழ எறங்கறப்ப பிரேக்க அமுக்கினா ட்ரெய்லர் முன்னால வந்து ஒரு இடி, கால எடுத்தா பின்னால போயி இன்னொரு இடி. சமதரையில ஓடுற வண்டிக்கு ட்ரெய்லர் பெரும்பாலும் இழுபட்டுக்கிட்டே வரும், நம்ம பக்கம் அப்பிடியா, ஏத்தத்துல இழுக்குது, எறக்கத்துல தள்ளுது, முடக்குல முறுக்குது, கிங் பின்னுக்கும் (ட்ரெய்லர் அடியில நீட்டிக்கிட்டு இருக்கிற இரும்பு முள) அத புடிக்கிற பிஃப்த் வீல் லொக்குக்கும் நடுவுல கொஞ்சம் இடைவெளி விழுந்தாலே போதும், ஒவ்வொரு முடக்குலயும் சுத்தியலால அடிக்கிற மாதிரி அடிச்சி அடிச்சி அது கூடிக்கிட்டே போகும். அட்ஜஸ்ட் ஸ்க்ரூவ திருப்பி பாத்தோம், கொஞ்ச நாள் அடங்கிச்சி, அப்புறம் ஸ்க்ரூ கடைசிக்கு வந்திருச்சி, இனி திருப்ப எடமில்ல. அதுக்கு மேல ஓட்டறது சரியில்லன்னு முடிவு பண்ணினேன்.

கொழும்புல ஸ்பெயார் பார்ட்ஸ் விக்கிற பஞ்சிகாவத்தைக்கு போனேன். ரீகண்டிஷன் (பழசு திருத்தினது) நெறைய கெடக்கு, புதுசுல பாதி வெலைக்கும் குடுக்கிறாங்க. ஆனா எல்லாத்துக்கும் கறுப்பு பெயிண்ட் அடிச்சி பளபளன்னு வச்சிருக்கான், பெயிண்டுக்கு கீழ வெடிப்பு இருக்கா, ப்ளேட்டுக்கு அடியில ரெண்டு பக்கமும் இருக்கிற தாங்கிப் பின் தேஞ்சிருக்கா, யாருக்கு தெரியும். ரெண்டு மூண ஸ்க்ரூ டிரைவரால சொரண்டி பாத்தேன், ஒண்ணுல தாங்கி பக்கத்துல வெல்டிங் போட்ட தடம் தெரிஞ்சிச்சி. நம்ம ரோட்டுக்கு அது வேணாம்னு புதுசுக்கே போனேன்.

கடைக்காரர் "அண்ணே இது 20 டன் தாங்கும்"னு சொல்வாரு. அத ட்ரெய்லரோட மொத்த பாரம்னு நெனைச்சிறாதீங்க, அது ப்ளேட்டு மேல நேரா கீழ அழுத்துற பாரம் மட்டும். இழுக்கிற சக்திக்கு வேற கணக்கு இருக்கு, டி வேல்யூன்னு ப்ளேட்டுலயே ஒரு தகட்டுல அடிச்சிருக்கும், கிலோநியூட்டன்ல. கணக்கு இதுதான்: பிரைம் மூவரோட பாரத்தையும் (பிஃப்த் வீல் மேல வர்ற பாரம் சேத்து) ட்ரெய்லரோட முழு பாரத்தையும் பெருக்கி, 0.6 ஆல பெருக்கி, முழு வண்டியோட மொத்த பாரத்தால பிரிச்சி, 9.81 ஆல பெருக்கணும். நம்ம கணக்குக்கு பிரைம் மூவர் 18 டன், ட்ரெய்லர் 28 டன், அதுல 10 டன் ப்ளேட்டுல உக்காருதுன்னு வச்சா ரெண்டும் சேந்த மொத்தம் 36 டன், விடை 82 கிலோநியூட்டன் சொச்சம் வரும். பெரிய கம்பெனி சாமான்ல 150 அளவுக்கு சாதாரணமா கெடைக்குது, அதனால சக்திய பத்தி பயப்பட ஒண்ணுமில்ல. தகடே இல்லாத சாமான வாங்காதீங்க, வட்டத்துக்குள்ள ஈ எழுத்து போட்ட ஐரோப்பா அங்கீகார முத்திரை இருந்தா இன்னும் நல்லம்.

எனக்கு யோசன வந்தது ரெண்டு விசயத்துல. ஒண்ணு, பக்கவாட்டுலயும் ஆடுற டைப் போடுறதா, முன்ன பின்ன மட்டும் சாயிற டைப் போடுறதான்னு. தோட்டத்து ரோடு மேடு பள்ளம், நாலு பக்கமும் ஆடுறது போடுங்கன்னு ஒருத்தர் சொன்னாரு. காட்டு வேலைக்கு, கல் குவாரிக்கு அது சரி. ஆனா நம்ம பாரம் ஒசரமா நிக்கிது, ஹட்டன் ரோட்டு முடக்குல ரோடே ஒரு பக்கம் சாஞ்சி கெடக்கு, அங்க ப்ளேட்டும் சேந்து சாஞ்சா ட்ரெய்லர் கவுர்றத தடுக்க பிரைம் மூவரோட ஒத்தாசை கெடைக்காம போயிரும். அதனால முன்ன பின்ன சாயிறதையே எடுத்தேன், அதுல இருக்கிற ரப்பர் குடுக்கிற கொஞ்ச அசைவு நம்ம ரோட்டுக்கு போதுமா இருக்கு.

அடுத்தது ஒசரம். 150, 185, 250 மில்லிமீட்டர்னு பல ஒசரத்துல வருது. பழசோட ஒசரத்த அளக்காம கைக்கு கெடைச்சத வாங்கினா ட்ரெய்லர் மூக்கு தூக்கிக்கும், இல்லாட்டி கவுந்துக்கும். பாரம் ஏத்தி, சமதரையில நிப்பாட்டி, ட்ரெய்லர் பெட்ட முன்னாலயும் பின்னாலயும் தரையில இருந்து அளந்து பாருங்க, ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணா இருக்கணும்.

இப்ப பூட்டுற கதை. பிஃப்த் வீல் பின் எக்ஸலுக்கு நேர் மேலயோ பின்னாலயோ உக்காந்தா ஏத்தத்துல முன் டயர் லேசாகி ஸ்டியரிங் மெதக்கும், அதனால எக்ஸலுக்கு கொஞ்சம் முன்னால வைப்பாங்க. ரொம்ப முன்னால தள்ளினா ட்ரெய்லரோட முன் மூல முடக்குல கெபின் முதுகுல இடிக்கும். நாங்க ஒரு நூல எடுத்து ஒரு நுனிய கிங் பின்னுல கட்டி, மறு நுனிய ட்ரெய்லர் முன் மூல வரைக்கும் இழுத்து, அந்த நீளத்த அப்பிடியே பிரைம் மூவர்ல பிஃப்த் வீல் நடுவுல வச்சி சோக்கால அரை வட்டம் போட்டோம். சர்வதேச அளவுப்படி அந்த நீளம் 2040 மில்லிமீட்டருக்கு மேல போகக்கூடாது, ஆனா இங்க உள்ளூர்ல நீட்டின ட்ரெய்லர் எத்தனையோ ஓடுது, அதனால கைல அளக்கிறது தான் நம்பிக்கை. வட்டத்துக்கும் கெபினுக்கும் நடுவுல எயார் டேங்க், ஸ்பெயார் வீல், எயார் ஹோஸ் தொங்குற கம்பி, எல்லாத்துக்கும் எடம் இருக்கான்னு பாத்துட்டு தான் ஓட்டை போட்டோம். பின்பக்கமும் பாருங்க, முடக்கு திரும்பறப்ப ட்ரெய்லர் கால் (கழட்டி நிப்பாட்டறப்ப முன்பக்கத்த தாங்குறது) பின் மட்கார்டுல படக்கூடாது, ரோடு மேடேறுற எடத்துல பிரைம் மூவர் சேசி நுனி ட்ரெய்லர் அடியில முட்டக்கூடாது.

சேசியோட மேல் கீழ் மடிப்புல ஓட்டை போட விடாதீங்க, வெல்டிங்கும் வைக்க விடாதீங்க. ரெண்டு பக்கமும் ஆங்கில் இரும்பு வச்சி, சேசியோட நடு சுவர்ல போல்ட் போட்டு, அது மேல ப்ளேட். ப்ளேட்டுக்கு முன்னாலயும் பின்னாலயும் தடுப்புக் கட்டை வெல்டிங் பண்ணணும், அது ஆங்கில் மேல தான் வரும், சேசில இல்ல. நம்ம பழைய செட்ல அந்த தடுப்பே கெடயாது, கழட்டி பாத்தா போல்ட் ஓட்டை எல்லாம் முட்ட வடிவத்துக்கு இழுபட்டு கெடந்திச்சி. போல்ட்டோட வேலை இறுக்கி புடிக்கிறது, இழுபடுற பாரத்தையும் அது தலையில கட்டினா எப்பிடி தாங்கும். போல்ட் தலையில 8.8, 10.9னு பலத்தோட தரம் போட்டிருக்கும், ப்ளேட் கம்பெனி எத கேக்குதோ அதையே போடுங்க, டோர்க் ரெஞ்ச் (அளவா இறுக்குற சாவி) இல்லாத கராஜ்ல இந்த வேலைய குடுக்காதீங்க. மொத லோடு எறக்கின ஒடனே திரும்ப ஒருக்கா டைட் பாக்கணும்.

---

கம்பளை_பாஸ்:

தம்பி நல்லா எழுதியிருக்கீங்க. ட்ரெய்லர் வேலை செய்றவன்ங்கிற முறையில ஒண்ண சேக்கிறேன், புது பிஃப்த் வீல் வாங்குறவங்க பாதிப்பேர் கிங் பின்ன பாக்கிறதே இல்ல. வேலை பிரைம் மூவர்லன்னு நெனைச்சி ட்ரெய்லர கொண்டுவராமலே வர்றாங்க. ரெண்டு இஞ்சி கிங் பின்னோட கழுத்து புதுசுல 50.8 மில்லிமீட்டர், 49க்கு கீழ போனா தூக்கிப் போட வேண்டியது தான். மேல உள்ள அகலமான பாகம் 73, அது 71 வரைக்கும் போகலாம். வேர்னியர் வச்சி ஒரு எடத்துல மட்டும் அளக்காதீங்க, முன் பின் ஒருக்கா, பக்கவாட்டுல ஒருக்கா, ஏன்னா இழுவையில ஒரு பக்கம் தான் கூட தேயும், கிங் பின் வட்டமாவே இருக்காது. தேஞ்ச பின்ன புது லொக்குக்குள்ள விட்டா அடுத்த நாளே இடி சத்தம், அப்புறம் பிஃப்த் வீல் சரியில்லன்னு கடைக்காரன்கிட்ட சண்டை.

இன்னொண்ணு. போன மாசம் ஒரு ட்ரெய்லர் வந்திச்சி, வேற எங்கயோ கிங் பின் கழுத்துக்கு வெல்டிங் நெரப்பி லேத்துல கடைஞ்சி குடுத்திருக்காங்க, பாக்க புதுசு மாதிரி, அளவும் 50.8 சரியா வருது. கிங் பின்னு அடிச்சி சூடு பண்ணி பதம் குடுத்த எஃகு, அதுல வெல்டிங் வச்சா அந்த பதம் போயி, வெடிப்பு உள்ளுக்குள்ள ஆரம்பிக்கும், வெளிய தெரியாது. அந்த பின்ன நான் அறுத்து எடுத்துட்டு தான் மத்த வேலைய தொட்டேன். ஓனர் செலவ நெனைச்சி கவலப்பட்டாரு, அவரோட டிரைவர கூப்பிட்டு பின்ன கைல குடுத்து காட்டினேன், அதுக்கப்புறம் ஒண்ணும் பேசல.

ட்ரெய்லர் அடித் தகட்டையும் ஒரு நேரான பட்டைய வச்சி பாருங்க. நடுவுல பள்ளம் விழுந்திருந்தா பாரம் ஓரத்துல மட்டும் உக்காந்து புது ப்ளேட்டயே தின்னுரும்.

---

பண்டாரவளை_சிஇ_லைசன்:

அண்ணே நான் ஹப்புத்தளை பெரகலை பக்கமா பலாங்கொடை ரோட்டுல ஓடுறவன், சொந்த வண்டி இல்ல, கம்பெனி வண்டி. நீங்க பூட்டுறத பத்தி சொன்னீங்க, நான் கொளுவுறத பத்தி சொல்றேன், ஏன்னா எவ்வளவு நல்ல பிஃப்த் வீல் போட்டாலும் ஒவ்வொரு தடவையும் கொளுவுற மனுசன் சரியா செய்யணும்.

ஒரு நாள் விடியக்காலம் யார்டுல பக்கத்து வண்டிக்காரர் ட்ரெய்லர கொளுவிக்கிட்டு இருந்தாரு, ஹப்புத்தளை பனி எப்பிடின்னு தெரியும் தானே, முன்னால நிக்கிற ஆள் தெரியாது. ட்ரெய்லர் கால ஒசத்தி விட்டிருக்காங்க, ப்ளேட்ட விட ட்ரெய்லர் ஒசரமா நின்னிருக்கு. ரிவேர்ஸ் வந்தாரு, டக்குனு சத்தமும் வந்திச்சி, லொக் விழுந்திருச்சின்னு எயார் ஹோஸ் குடுத்து கால ஏத்திட்டாரு. நான் அந்தப் பக்கமா டீ வாங்கப் போனவன், ப்ளேட்டுக்கும் ட்ரெய்லருக்கும் நடுவுல அந்தப் பக்க லைட் வெளிச்சம் கோடு மாதிரி தெரிஞ்சிச்சி. கத்தினேன். எறங்கி டோர்ச் அடிச்சி பாத்தா லொக்கோட வாய் பின்னோட கழுத்த புடிக்கல, கிங் பின்னோட அடி வட்டம் லொக்குக்கு மேல சும்மா உக்காந்திருக்கு. அப்பிடியே கெளம்பியிருந்தா மொத ஏத்தத்துலயே ட்ரெய்லர் சேசில விழுந்து பின்னுக்கு போயிருக்கும், பின்னால ஸ்கூல் வேனோ பஸ்ஸோ வந்தா என்ன ஆகும்னு நெனைச்சாலே நெஞ்சு அடிக்கிது.

அதுக்கப்புறம் எங்க யார்டுல எல்லாரும் செய்றது இதுதான், ட்ரெய்லர் ப்ளேட்ட விட ஒரு துளி பதிஞ்சி நிக்கணும், ப்ளேட் உள்ள போறப்ப ட்ரெய்லர தூக்கிக்கிட்டு போகணும். ட்ரெய்லர் பிரேக் புடிச்சிருக்க, லோ கியர்ல முன்னுக்கு ஒருக்கா இழுத்து பாக்கணும். அப்புறம் எறங்கி, குனிஞ்சி, டோர்ச் அடிச்சி பின் பக்கமா பாக்கணும், வெளிச்சக் கோடு தெரியுதா, லொக் கழுத்த சுத்தி மூடியிருக்கா, ஹேண்டில் உள்ள போயி சேப்டி கிளிப் விழுந்திருக்கா. இழுத்து பாத்தா போதும்னு சில பேர் சொல்றாங்க, பத்தாது. பாதி விழுந்த லொக்கும் ஒருக்கா இழுக்கிறதுக்கு தாங்கும்.

---

பொகவந்தலாவை_ட்ரெக்டர்:

பெரிய வண்டிக்காரங்க நடுவுல நானும் ஒரு வார்த்த சொல்லலாமா. நம்மளது தோட்டத்து ட்ரெக்டர், தேயிலக் கொழுந்து மூட்டைய மலையில இருந்து பெக்டரிக்கு இழுக்கிற ட்ரெய்லர். பிஃப்த் வீல் கெடயாது, வளையமும் பின்னும் தான். ஆனா அதுலயும் இதே கதை தான்.

நாங்க புதுசா கப்ளிங் மாத்தினப்ப ஒருத்தர் வந்து, கல்லு தட்டுது, ட்ரெய்லர் கம்பிய ட்ரெக்டர்ல மேல கொளுவ வைங்கன்னு சொன்னாரு. வேணாம்னு நான் ஒத்தக் கால்ல நின்னேன். பின் எக்ஸலுக்கு மேல இருந்து இழுத்தா ஏத்தத்துல முன் டயர் தூக்கி ட்ரெக்டர் பின்பக்கமா கவுந்து டிரைவர் மேலயே விழும், இது எத்தனையோ தோட்டத்துல நடந்த விசயம். டிரோபார் (ட்ரெக்டர் பின்னால ட்ரெய்லர கொளுவுற கம்பி) எவ்வளவு பதிஞ்சி இருக்குதோ அவ்வளவு நல்லம். பின்னுக்கு கட்டாயம் கீழ கிளிப் போடணும், கம்பித் துண்டு, ஆணி எல்லாம் செருகி வச்சா மேடு பள்ளத்துல தானா எகிறி வந்திரும். கூட ஒரு சங்கிலி, ட்ரெய்லர் கழண்டாலும் ரோட்டுல போகாம புடிச்சிக்கும். ட்ரெய்லர்ல கொழுந்து மட்டுமா வருது, மழ வந்தா பொம்பளைங்களும் அதுலயே ஏறி வர்றாங்க, வராதீங்கன்னா நடந்து வர ஏலாத தூரம், அதனால நான் ஒவ்வொரு நாள் காலையிலயும் அந்த பின்ன கைல புடிச்சி ஆட்டி பாத்துட்டு தான் ஸ்டார்ட் பண்றேன்.

பெரிய அண்ணன்மார்கிட்ட ஒரு கேள்வி, கிரீஸ் எது நல்லம்? வட்டவளை பக்கம் மழையில எல்லாம் கழுவிக்கிட்டு போகுது.

---

ஹட்டன்_லொறிக்காரன்:

தம்பி நீங்க சொன்ன அந்த மேல கொளுவுற விசயம் எல்லா தோட்டத்துலயும் சொல்ல வேண்டியது. கிரீஸ் பத்தி, வருஷத்துக்கு 5000 மில்லிமீட்டருக்கு மேல மழ பெய்யிற எடம் வட்டவளை, சாதா கிரீஸ் நிக்காது. பாரம் தாங்குற லித்தியம் கிரீஸ், மொலிப்டினம் சேத்தது, கறுப்பா இருக்கும், அது தண்ணிக்கு கொஞ்சம் நின்னு புடிக்கும். பழைய கிரீஸுக்கு மேலயே புதுசு அப்பாதீங்க. மண்ணும் கல்லுத் தூளும் அதுல ஒட்டிக்கிட்டு இரும்ப தேய்ச்சிரும், டீசல் துணியால தொடச்சி இரும்பு தெரிய வச்சிட்டு தான் போடணும். நான் மழைக்காலத்துல மாசம் ஒருக்கா ட்ரெய்லர கழட்டி செய்றேன், வெயில் காலத்துல அவ்வளவு தேவயில்ல.

பாஸ், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். இப்ப ப்ளேட் மேல பிளாஸ்டிக் பதிச்சது வருதாமே, கிரீஸே வேணாம்னு சொல்றாங்க, நம்ம ரோட்டுக்கு எப்பிடி?

---

கம்பளை_பாஸ்:

மேல் ப்ளேட்டுக்கு தான் வேணாம் தம்பி. லொக்குக்கும் கிங் பின்னுக்கும் அப்பவும் கிரீஸ் போட்டே ஆகணும், அத கேக்காம ஓட்டி லொக் காஞ்சி போன ரெண்டு வண்டிய பாத்திருக்கேன். ட்ரெய்லர் அடித் தகடு வழவழன்னு நேரா இருந்தா அந்த பிளாஸ்டிக் நல்லா ஒழைக்கும். வெல்டிங் பொட்டு, துரு, பிசிறு இருந்தா கிழிச்சிரும். உங்க ட்ரெய்லர ஒருக்கா கம்பளைக்கு கொண்டாங்க, பட்டைய வச்சி பாத்துட்டு சொல்றேன், வர்றப்ப கிங் பின்ன தொடச்சி வச்சிட்டு வாங்க.